வரிசைக்காரரும் தூங்கும் காவலாளியும்

பிறருக்காக வரிசையில் நிற்பதுதான் அவருக்குத் தொழில். இப்படியும் ஒரு பிழைப்பா என்று சிரிப்பவர்கள், பெரிய டாக்டரிடம் டோக்கன் வாங்க ஒரு காலைப் பொழுது நின்று பார்த்துவிட்டு வந்து சிரிக்கட்டும். கையில் குடை, தோளில் துணிப்பை, காலில் ஓர் அளவு பெரிய செருப்பு. நின்று நின்று மாலையில் கால் வீங்கும் என்பதால், செருப்பு வாங்கும்போதே வீக்கத்துக்கும் சேர்த்து அளவு பார்த்து வாங்குவார். ஊரில் எல்லோருக்கும் அவர் வரிசைக்காரர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி விசாரித்தால் பக்கத்து வீட்டுக்காரருக்கே ஆள் தெரியாது.

முன்பு அவர் ஒரு தொழிற்சாலையில் போல்ட்டையும் நட்டையும் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். வேலையில்லாதவர்கள் பெயரைப் பதிந்துகொள்ளும் அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்றார். பின்னால் நின்ற ஒருவருக்கு ரயிலைப் பிடிக்கும் அவசரம். "உங்க இடத்த எனக்குக் குடுங்க, சும்மா வேணாம்" என்று சட்டைப் பையில் பணத்தைத் திணித்தார். இவர் கடைசியில் போய் நின்றார். கொஞ்சம் முன்னேறியதும் இன்னொரு அவசரக்காரர் வந்தார். கவுன்டரை மூடும்வரை இப்படியே நடந்ததில் அன்றைக்கு அவர் பெயர் பதிவாகவில்லை, ஆனால் வேலை கிடைத்துவிட்டது.

தொழில் என்று வந்துவிட்டால் அதற்கொரு தர்மம் வேண்டும். குறுக்கே புகக் கூடாது, மேசையைத் தொடக் கூடாது, அவ்வளவுதான் அவருடைய தர்மம். மேசைக்கு வந்துவிட்டால் எதிரே இருப்பவர் பெயரைக் கேட்பார், என்ன வேண்டும் என்று கேட்பார். அதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியவர் வாடிக்கையாளர். அதனால் முன்னால் இருப்பவர் வேலையை முடித்துக்கொண்டு நகரும்போதே இவருடைய இடது கால் ஓர் எட்டு விலகும், வலது கை "வாங்க" என்று நீளும், வாடிக்கையாளர் வந்து அந்த இடத்தில் நிற்பார். பார்ப்பவருக்கு ஆள் மாறியதே தெரியாது.

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், ஊரிலுள்ள எல்லா வரிசையிலும் நின்ற மனிதர் எந்த மேசையிலும் வாயைத் திறந்ததில்லை. சொந்த வேலைக்கு நிற்க அவருக்கு நேரமும் கிடையாது. மின் கட்டணம், தண்ணீர் வரி, மருந்துக் கடை என்று வீட்டு வரிசை எல்லாம் மனைவி தலையில்தான். "ஊருக்கெல்லாம் நீங்க நிக்கிறீங்க, வீட்டுக்கு நான் நிக்கிறேன்" என்பாள். அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வார்.

ஆண்டுக்கு ஒருமுறை ஊரின் பழைய டிராம் பணிமனையில் காமிக்ஸ் திருவிழா நடக்கும். தண்டவாளங்களுக்கு மேல் பலகை அடித்து, வரிசையாகக் கடை போட்டு, படம் வரைகிறவர்களை மேசைபோட்டு உட்காரவைப்பார்கள். வெளியூர்க் கூட்டம் வந்து குவியும். பாதிப் பேர் முகமூடி, மேலங்கி, அட்டையில் செய்த வாள் என்று ஏதாவது ஒரு வேஷத்தில் வருவார்கள். அந்த நாட்களில் வரிசைக்காரருக்கு மவுசு ஏறிவிடும். வாசலில் அவர் தலையைக் கண்டாலே வெளியூர்க்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள்.

"அண்ணே, முதல் தடவையா வரோம். எதப் பாக்கணும்?"

"முதல்ல கழிப்பறை எங்க இருக்குன்னு பாத்துக்கங்க. மத்ததெல்லாம் தானா கண்ணுல படும்."

காசு வாங்காமல் அவர் கொடுக்கும் ஒரே சரக்கு யோசனை. அதை வாரி வாரி வழங்குவார். வயிற்றை வீட்டிலேயே நிரப்பிக்கொண்டு வாருங்கள், உள்ளே விற்கும் ரொட்டி அட்டை வாளைவிடக் கெட்டி. வாசல் பக்கத்துக் கடைகளில் எல்லோரும் சிக்கிக்கொள்வார்கள், நீங்கள் நேரே கடைக்கோடிக்குப் போய் அங்கிருந்து திரும்பி வாருங்கள். குட்டை வரிசை என்று ஏமாந்து போய் நிற்காதீர்கள். முன்னால் நிற்பவன் சக்கரம் வைத்த பெட்டியோடு நின்றால் அவன் வீட்டிலிருக்கும் புத்தகம் அத்தனையிலும் கையெழுத்து வாங்க வந்திருக்கிறான் என்று அர்த்தம், ஓடிவிடுங்கள். இறக்கை கட்டியவர் பின்னால் நிற்கவே நிற்காதீர்கள், அவர் திரும்பினால் உங்கள் கண் போய்விடும்.

எல்லாம் நல்ல யோசனைதான். ஆனால் அதில் எங்கேயும் காமிக்ஸ் என்ற ஒன்று வராது. எந்தப் புத்தகம் நன்றாக இருக்கும், யார் படம் பார்க்க வேண்டும் என்று யாராவது கேட்டுவிட்டால் வேறு பக்கம் திரும்பி இருமுவார். இத்தனை வருஷத்தில் அவர் ஒரு காமிக்ஸைக்கூடப் பிரித்துப் பார்த்ததில்லை. வளர்ந்த மனிதர்கள் பொம்மை பார்ப்பதற்கு இவ்வளவு தள்ளுமுள்ளா என்று மனத்துக்குள் நினைத்துக்கொள்வார். வாடிக்கையாளர்கள் காதில் விழுந்தால் பிழைப்புக் கெடும் என்பதால் வெளியே சொல்லமாட்டார்.

வீட்டிலேயே ஒரு காமிக்ஸ் பைத்தியம் இருந்தது. அவருடைய மனைவிக்கு ஒரு ஓட்டலின் சலவைக்கூடத்தில் வேலை. ஈர விரிப்புகளைச் சூடான இரும்பு உருளைக்குள் ஒரு பக்கம் விட்டால் மறு பக்கம் சுருக்கம் நீங்கி வரும். அதைப் பிடித்து அடுக்க வேண்டும். டீ நேரத்தில் விரிப்பு மூட்டைமேல் ஏறி உட்கார்ந்து "தூங்கும் காவலாளி" படிப்பாள். அவளிடம் இருந்த புத்தகங்களைப் பிரித்தால் கஞ்சி வாசம் அடிக்கும்.

அந்தக் காவலாளிக்கு ஒரு கிடங்கைக் காப்பது வேலை. நாற்காலியில் உட்கார்ந்து, காலை நீட்டி, தொப்பியை முகத்தில் கவிழ்த்துத் தூங்குவான். திருடன் வருவான். காவலாளியின் கால் தடுக்கிக் குப்புற விழுவான். மாட்டிக்கொள்வான். முதலாளி ஓடிவந்து காவலாளியைப் புகழ்வார். காவலாளி அப்போதும் தூங்கிக்கொண்டிருப்பான். எல்லாக் கதையும் இதேதான். ஆனால் சலவைக்கூடத்திலும் சரி, வீட்டிலும் சரி, ஒவ்வொரு தடவையும் அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாள்.

"என்ன?" என்று வரிசைக்காரர் கேட்பார். அவள் புத்தகத்தைத் திருப்பிக் காட்டிக் கதையைச் சொல்வாள்.

"தூங்கறவனுக்குச் சம்பளமா?" என்பார் அவர். பேச்சு அதோடு முடிந்துவிடும். அவள் புத்தகத்தைத் தன் பக்கமே திருப்பிக்கொள்வாள்.

இந்த வருஷம் பேருந்து நிறுத்தத்தில் ஒட்டியிருந்த சுவரொட்டியைப் பார்த்துவிட்டு அவள் வீட்டுக்கு ஓட்டமாக வந்தாள். தூங்கும் காவலாளியை வரையும் ஓவியர் அம்மா முதல்முறையாக நம் ஊருக்கு வருகிறாராம். கை வலி தாங்கவில்லை, இந்தத் திருவிழாவோடு வரைவதை நிறுத்தப்போகிறாராம். வாசகர்களுக்கு ஆளுக்கொரு காவலாளியை வரைந்து தருவாராம்.

"அவங்ககிட்ட எனக்கு ஒண்ணு கேக்கணும்" என்றாள். "ரொம்ப வருஷமா மனசுல இருக்கு. நீங்களும் என்கூட வாங்க. வேலையா இல்ல, சும்மா. எல்லாரும் புருஷன் பொண்டாட்டியா வந்து சுத்திப் பாக்கறாங்கல்ல, அந்த மாதிரி."

கல்யாணமான நாளிலிருந்து அவள் தனக்கென்று எதையும் இப்படிக் கேட்டதில்லை. அது அவருக்கே உறைத்தது. "கண்டிப்பா வரேன்" என்றார். மனதாரத்தான் சொன்னார்.

சொன்னதோடு நிற்காமல் பல் டாக்டருக்கும் முடியாது என்று சொல்லிவிட்டார். பல் டாக்டர் அவருடைய பழைய வாடிக்கையாளர். ஒவ்வொரு திருவிழாவிலும் கையெழுத்து வாங்கிய புத்தகத்தை பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஒட்டி, மருத்துவமனைக் கண்ணாடி அலமாரியில் செயற்கைப் பல்வரிசைகளுக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார். பிரித்தால் மதிப்புப் போய்விடுமாம்.

"இந்த வருஷம் நம்மால முடியாது டாக்டர். வீட்டுக்காரிகூட போறேன். சும்மா."

"சும்மாவா?"

"சும்மாதான்."

பல் டாக்டர் அவரை உற்றுப் பார்த்தார். "உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார்.

திருவிழா அன்று மனைவி பெட்டியின் அடியிலிருந்து நல்ல உடையை எடுத்து உடுத்திக்கொண்டாள். ரொட்டியும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டாள். காவலாளி புத்தகம் ஒன்றைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். வரிசைக்காரரும் குடையை ஆட்டிக்கொண்டு உல்லாசமாகத்தான் நடந்தார். அதுவரை எல்லாம் சரியாகத்தான் போனது.

பணிமனை வாசலில் கூட்டத்தை ஒழுங்குபடுத்த மஞ்சள் பட்டை கட்டிய ஒரு பெண்ணை நிறுத்தியிருந்தார்கள். வேலைக்குப் புதிது. அவரைப் பார்த்ததும் அவளுக்கு உயிர் வந்தது. "நீங்கதானே வரிசைக்காரர்? எனக்கு ஒரு யோசனை சொல்லுங்க. இவங்கள எப்படிச் சமாளிக்கறது?"

"ஒண்ண மட்டும் பிடிச்சுக்கம்மா" என்றார் அவர். "வரிசைய விட்டு விலகினவன் விலகினவன்தான். பெத்த அப்பனா இருந்தாலும் கடைசிக்கு அனுப்பு. ஒருத்தருக்கு இரக்கம் காட்டினா வரிசை சந்தையாயிடும்."

அந்தப் பெண் அதைப் பக்தியோடு கேட்டுக்கொண்டாள். ஊருக்கு உபதேசம் செய்கிறவர்கள் அந்த உபதேசம் என்றைக்காவது தங்கள் வீட்டுக் கதவையும் தட்டும் என்று நினைப்பதே இல்லை.

உள்ளே நுழைந்ததும் அவர் கண்ணில் பட்டது ஓவியர் அம்மாவின் வரிசை. அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்தது. நல்ல இளம் வரிசை. அதைப் பார்த்ததும் அவர் காலுக்கு நிலைகொள்ளவில்லை. ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்காது என்பார்கள், நின்ற காலும் அப்படித்தான் போலிருக்கிறது. மனைவி எதிர்ப் பக்கத்துக் கடையில் ஒரு படத்தைக் காட்டி, "ஏங்க, இங்க பாருங்களேன்" என்று திரும்பினால் பக்கத்தில் ஆள் இல்லை. வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

அவளும் வந்து அவர் பின்னால் நின்றாள்.

"நீ எதுக்கு இங்க நிக்கற? போய்ச் சுத்திப் பாரு. நான் நிக்கிறேன்ல."

"ரெண்டு பேரும் சேர்ந்தே நிக்கலாமே."

"ஒரு குடும்பத்துக்கு ஒரு ஆள் போதும். ரெண்டு பேர் நின்னா ஒருத்தர் தண்டம். மேசைகிட்ட போனதும் குடையத் தூக்கிக் காட்டறேன், ஓடி வந்துடு. நீ கால்வலி இல்லாமப் படத்த வாங்கிட்டுப் போகலாம்."

இதைச் சொல்லிவிட்டுக் கோழியை விரட்டுவது போலக் கையை வேறு அசைத்தார். அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு தனியாக நடந்தாள். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று இந்த மனிதருக்குத் துளி புரிந்திருந்தாலும் அன்றைய பாடு மிச்சமாகியிருக்கும். அவரோ, மனைவிக்கு இதைவிட யார் என்ன செய்துவிட முடியும் என்று நெஞ்சு நிறைந்து நின்றார்.

பின்னால் யாரோ பெருமூச்சு விட்டார்கள். திரும்பினால் பல் டாக்டர். ஆள் கிடைக்காமல் தானே நிற்க வந்திருந்தார். வாழ்நாளில் அதுதான் அவருக்கு முதல் வரிசை.

"எப்படிங்க நிக்கறீங்க? எனக்கு இப்பவே இடுப்பு கழண்டுடும் போல இருக்கு."

"ரெண்டு கால்லயும் பாரத்தப் போடாதீங்க டாக்டர். மாத்தி மாத்திப் போடுங்க. முட்டிய விறைக்காதீங்க. முன்னால எத்தனை பேர்னு எண்ணாதீங்க, எண்ணினா வலி ஜாஸ்தியாகும்."

டாக்டர் சொன்னபடி செய்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் முனக ஆரம்பித்தார். அவரைத் தேற்றித் தேற்றியே வரிசைக்காரர் வரிசையை முன்னால் கொண்டுவந்தார். மேசை கண்ணுக்குத் தெரிந்தது. மேசைக்குப் பின்னால் வெள்ளை முடியும் மை படிந்த விரலுமாக ஓவியர் அம்மா. வரிசைக்காரர் குடையை உயர்த்தினார். மனைவி வரவில்லை. குடையை விரித்து உயர்த்தினார். பக்கத்து வரிசையில் இறக்கை கட்டிய ஒருவர், "பெரியவரே, கண்ணக் குத்திடப் போறீங்க" என்று திட்டினார். அப்போதும் வரவில்லை.

முன்னால் நின்றவர் படத்தை வாங்கிக்கொண்டு நகர்ந்தார். வரிசைக்காரருக்கு முன்னால் இப்போது யாருமே இல்லை. வெறும் மேசைதான் இருந்தது.

ஓவியர் அம்மா நிமிர்ந்து பார்த்து, "சொல்லுங்க, யாருக்கு?" என்றார்.

மனைவியின் பெயரைச் சொன்னால் போதும். ஆனால் இவ்வளவு கிட்டத்தில் ஒரு மேசையை அவர் பார்த்ததே இல்லை. அதன் விளிம்பில் மரம் சிலும்பியிருந்தது வரை தெரிந்தது. வாய்க்கு வழி தெரியாமல் திணறிய அந்த நேரத்தில் காலுக்கு மட்டும் வழி தெரிந்திருந்தது. இடது கால் ஓர் எட்டு விலகியது. வலது கை "வாங்க" என்று நீண்டது.

பல் டாக்டரும் பழக்கப்பட்டவர்தானே. இத்தனை வருஷமாக அந்தக் கை நீண்டால் போய் நிற்பதுதான் அவருக்கு வழக்கம். யோசிக்காமல் போய் நின்றார். புத்தகத்தை நீட்டினார். படத்தை வாங்கினார். இருந்த இடுப்பு வலியில் அவருக்கும் எதுவும் உறைக்கவில்லை. வெளியே வரும்போது வழக்கம்போல வரிசைக்காரரின் சட்டைப் பையில் பணத்தைச் செருகி, வழக்கம்போல முதுகில் தட்டிவிட்டு, நொண்டிக்கொண்டே போய்விட்டார்.

வரிசைக்காரர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். காகிதம் மொரமொரத்தது. தன் மனைவியின் இடத்தை விற்றுவிட்டோம் என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. பதறிப்போய் மறுபடியும் மேசைப் பக்கம் காலை வைத்தார். குறுக்கே, இப்போது மேசைக் காவலுக்கு வந்திருந்த மஞ்சள் பட்டைப் பெண் நின்றாள்.

"நீங்க விலகிட்டீங்க. கடைசிக்குப் போங்க."

"நான்தாம்மா..."

"பெத்த அப்பனா இருந்தாலும்னு நீங்கதான் சொன்னீங்க" என்றாள் அவள், கொஞ்சம் வருத்தத்தோடு. தன் வினை தன்னைச் சுடும் என்பதை இவ்வளவு மரியாதையாக யாரும் யாருக்கும் எடுத்துச் சொல்லியிருக்க முடியாது.

வரிசையின் ஓரமாகவே கடைசிவரை நடந்தார். அது பணிமனைக்குள்ளேயே சுற்றி வளைந்து நீர்த்தொட்டிவரை போயிருந்தது. கடைசியில் அவருடைய மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

"நீ எப்ப இங்க வந்த? குடைய ஆட்டினேனே, பாக்கலையா?"

"பாத்தேன். வரிசைய விட்டு விலகக் கூடாதுன்னு நீங்கதானே சொல்வீங்க."

"இங்க வந்து எதுக்கு நின்ன?"

"தனியா எவ்வளவு நேரம் சுத்தறது? ஒவ்வொரு கடையிலயும் ஒருத்தருக்கொருத்தர் காட்டிக் காட்டிச் சிரிக்கறாங்க. நான் யார்கிட்டக் காட்டறது? சரி, இங்க வந்து நின்னா உங்ககூட ஒரே வரிசையிலயாவது இருக்கலாம்னு வந்தேன்." அவர் முகத்தைப் பார்த்தாள். "படம் வாங்கிட்டீங்களா?"

அவர் சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்துக் காட்டினார். நடந்ததைச் சொன்னார். சொல்லச் சொல்லத் தலை தொங்கிக்கொண்டே போனது.

"என் இடத்த வித்துட்டு வந்திருக்கீங்க" என்றாள் அவள்.

"விக்கல. கால் தானா நகந்துடுச்சு."

"காசு பையில இருக்கே."

அவர் அவள் பின்னால் போய் நின்றார். சேர்ந்து நின்றுதான் என்ன செய்ய? கொஞ்ச நேரத்தில் மஞ்சள் பட்டைப் பெண் கயிற்றோடு வந்தாள். ஓவியர் அம்மாவின் கை மரத்துவிட்டதாம், சற்று ஓய்வெடுத்துவிட்டு வந்து இன்னும் கொஞ்சம் பேருக்குத்தான் வரைவாராம். அவர்களுக்கு நெடுந்தூரம் முன்னாலேயே கயிற்றைக் கட்டிவிட்டாள். கூட்டம் முணுமுணுத்துக் கலைந்தது.

"போலாம் வாங்க" என்றாள் மனைவி. அழவில்லை, திட்டவில்லை. புத்தகத்தை மறுபடியும் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். அவள் திட்டியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கைக்கு எட்டியதை அவள் வாய்க்கு எட்டவிடாமல் செய்தது தான்தான் என்ற வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. இவள் இனி எதையுமே கேட்காமல் இருந்துவிடுவாளோ என்று பயமாகவும் இருந்தது. வரிசையில் நின்ற இத்தனை வருஷத்தில் அவர் எதற்கும் அப்படிப் பயந்ததில்லை.

பணிமனைக்கு ஒரு பின் வழி உண்டு. படம் வரைகிறவர்கள் மூச்சுவிட வெளியே வருவது அந்த வழியாகத்தான். வரிசைக்காரருக்கு அது ஆதியிலிருந்தே தெரியும். எவ்வளவு பணம் வேண்டுமானாலும் கொடுக்கிறேன் என்று கெஞ்சியவர்களுக்கும் அவர் அதைச் சொன்னதில்லை. அது வரிசைக்குத் துரோகம். இப்போது மனைவியின் கையைப் பிடித்து, "இப்படி வா" என்றார்.

"எங்க?"

"வா சொல்றேன்."

நீர்த்தொட்டியைச் சுற்றி, காலிப் பெட்டிகள் அடுக்கியிருந்த சந்து வழியாகப் போனார்கள். அவருக்கு வியர்த்தது. சந்தின் முடிவில் ஒரு சிறிய முற்றம். அங்கே ஓவியர் அம்மா பெட்டியொன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, வலது கையை வெந்நீர்க் குவளைக்குள் விட்டுக்கொண்டு, இடது கையால் ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தார். கடிபடவில்லை.

மனைவி அவர் எதிரே போய் நின்றாள். வரிசைக்காரர் மனைவிக்கு நேர் பின்னால், அளந்து வைத்தாற்போல ஓர் எட்டு இடைவெளி விட்டு நின்றார். குறுக்கே புகுந்த பாவத்துக்கு அவர் தேடிக்கொண்ட பரிகாரம் அது.

ஓவியர் அம்மா எட்டிப் பார்த்தார். "அவர் ஏன் உங்க பின்னாடி நிக்கிறார்? இடம்தான் இவ்வளவு இருக்கே."

"அவருக்கு அப்படித்தான் நிக்கத் தெரியும்மா" என்றாள் மனைவி. பிறகு பையை அணைத்துக்கொண்டு, "படமெல்லாம் வேணாம். கைய எடுக்காதீங்க. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன்" என்றாள்.

"கேளுங்க."

"உங்க காவலாளி தூங்கலதானே?"

ஓவியர் அம்மா ரொட்டியைக் கீழே வைத்தார்.

"தூங்கறவங்க புரண்டு படுப்பாங்க" என்றாள் மனைவி. "இவரு காலு எப்பவும் திருடன் வர்ற பக்கமாவே இருக்கு. திருடன் ஜன்னல் வழியா வந்தா ஜன்னல் பக்கம், கூரை வழியா வந்தா ஏணிப் பக்கம். எல்லாப் புத்தகத்தையும் எடுத்து வச்சுப் பாத்துட்டேன்."

ஓவியர் அம்மா சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. குவளைத் தண்ணீர் தளும்பியது. "தூங்கலம்மா. ஒரு நாள்கூடத் தூங்கல. முழிச்சிருக்கறது தெரிஞ்சா முதலாளி கிடங்கப் பெருக்கவும் சொல்வார்ல" என்றார். மனைவியும் விரிப்பு மூட்டைமேல் உட்கார்ந்து சிரிக்கும் அதே சிரிப்பைச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை இவ்வளவு கிட்டத்தில் நின்று வரிசைக்காரர் கேட்டு வெகுநாளாகியிருந்தது.

"அடுத்தவர்?" என்றார் ஓவியர் அம்மா, அவரைப் பார்த்து.

அவருடைய இடது கால் கிளம்பியது. மனைவி திரும்பிப் பாராமலே கையைப் பின்னால் விட்டு அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "நீங்கதான் அடுத்தது. கேளுங்க."

கேட்க என்ன இருக்கிறது? ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை. மனைவி சொன்ன கதை மட்டும் தெரியும். குனிந்து தன் செருப்பைப் பார்த்தார்.

"அவருக்குக் கால் வலிக்காதா?" என்றார். "எல்லாரும் அதுல இடிச்சுக்கிட்டுத்தானே விழறாங்க."

ஓவியர் அம்மா வெந்நீருக்குள் இருந்த தன் கையைப் பார்த்தார். "வலிக்கும்" என்றார். "ரொம்ப வலிக்கும். நான்தான் அத ஒரு தடவைகூட வரையல."

பணிமனைக்கு வெளியே வந்ததும் மனைவி ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அந்தக் காசுல டீ வாங்கிட்டு வாங்க" என்றாள். "என் இடத்த வித்த காசு. நான்தான் குடிக்கணும்."

வாங்கி வந்தார். இருவரும் ஊதி ஊதிக் குடித்தார்கள். அவள் அவர் காலைப் பார்த்தாள். செருப்பு வார் அழுந்திய இடத்தில் வீங்கியிருந்தது.

"உங்களுக்கு வலிக்குதா?"

இதை அவள் முன்பும் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். தொழில்காரனுக்கு வலி ஏது என்றுதான் அவர் சொல்வார். இன்றைக்கும் அதைச் சொல்லத்தான் வாயெடுத்தார்.

"வலிக்குது" என்றார். "தினமும் வலிக்குது."

அவள் பையை நகர்த்தி வைத்தாள். "நல்லா நீட்டிக்கங்க."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு காலையும் நடைபாதையில் நீட்டினார். அவள் புத்தகத்தைத் துணியிலிருந்து எடுத்து இருவருக்கும் நடுவில் விரித்தாள். கஞ்சி வாசம் வந்தது. முதல் பக்கத்தில் காவலாளி தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு கிடந்தான். அவர் குனிந்து முதலில் அவன் காலைத்தான் பார்த்தார்.

அப்போது இறக்கை கட்டிய ஒரு குடும்பம், அப்பா அம்மா பிள்ளைகள் எல்லோரும், அவர் காலில் தடுக்கித் தடுமாறி நின்றது. அந்த அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அட, வரிசைக்காரர். நல்லதாப் போச்சு. அண்ணே, எந்த வரிசை சீக்கிரம் நகரும்? ஒரு யோசனை சொல்லுங்க."

வரிசைக்காரருக்கு நாக்கின் நுனிவரை யோசனை வந்துவிட்டது. மனைவி அவரைப் பார்ப்பது பக்கவாட்டில் தெரிந்தது. அவர் மெதுவாகப் பின்னால் சாய்ந்தார், காலை இன்னும் கொஞ்சம் நீட்டினார், கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"தூங்கறாருங்க" என்றாள் மனைவி, முகத்தில் சிரிப்பே இல்லாமல். அந்தக் குடும்பம் ஒருவர் பின் ஒருவராக அவர் காலைத் தாண்டிப் போகும்வரை காத்திருந்துவிட்டு, அவள் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.